ஸ்விட்சுக்கு பவர் கொடுக்கும் முன் கன்சோலைச் செருகுங்கள்

கணினிகளை ஒரே நெட்வொர்க்கில் இணைக்கும் புது ஸ்விட்ச் வந்ததும் பவரைக் கொடுத்துவிட்டு, பிறகு ஆற அமர லேப்டாப்பைத் திறப்பார்கள். அந்த வரிசையை மாற்றுங்கள். மின்சாரம் வந்தவுடன் ஸ்விட்ச் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். அதற்குப் பெயர் போஸ்ட். பூட் ஆகாமல் நின்றுவிட்டால் நெட்வொர்க் வழியாக உள்ளே போக முடியாது. என்ன நடந்தது என்று சொல்ல, லேப்டாப்பைக் கேபிளால் நேரடியாக இணைக்கும் கன்சோல் மட்டுமே இருக்கும்.

இங்கே சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960-ஐ வைத்து விளக்குகிறேன். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்துதான்.

1. கன்சோல்

கன்சோல் கேபிளின் ஆர்ஜே-45 முனையை ஸ்விட்சின் கன்சோல் போர்ட்டில் செருகுங்கள். லேப்டாப்பில் சீரியல் போர்ட் இல்லையென்றால் யூஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டர் வேண்டும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து காம் (சீரியல் போர்ட்) எண்ணைப் பார்த்துக்கொண்டு, புட்டி என்ற டெர்மினல் மென்பொருளில் சீரியலைத் தேர்ந்தெடுங்கள்: வேகம் 9600, டேட்டா பிட் 8, ஸ்டாப் பிட் 1, பாரிட்டியும் ஃப்ளோ கன்ட்ரோலும் வேண்டாம். எழுத்துகள் கன்னாபின்னாவென்று வந்தால் முதல் சந்தேகம் வேகத்தின் மேல்.

2. பவர்

இப்போது பவர் கொடுங்கள். முகப்பிலுள்ள சிஸ்ட் (சிஸ்டம்) விளக்கு பச்சையில் சிமிட்டும். சோதனை தேறினால் நிலையான பச்சை. ஆம்பர் நிறமானால் போஸ்ட் தோல்வி. அது பெரும்பாலும் ஹார்ட்வேர் பழுதுதான். செட்டிங்கை நோண்டிப் பயனில்லை, வாங்கிய இடத்தைக் கேளுங்கள்.

புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. போர்ட்டில் கேபிள் செருகியதும் அந்தப் போர்ட்டின் விளக்கு சுமார் 30 விநாடி ஆம்பரில் இருக்கும். ஸ்பேனிங் ட்ரீ என்ற பாதுகாப்பு ஏற்பாடு, டேட்டா ஒரே வட்டத்தில் சுற்றும் லூப் இருக்கிறதா என்று பார்க்கும் நேரம் அது. பழுதல்ல, பொறுங்கள்.

திரையில் ‘ஸ்விட்ச்:’ என்று மட்டும் வந்து நின்றால், தொடக்க நிரலான பூட் லோடர், ஸ்விட்சின் இயங்குதளமான சிஸ்கோ ஐஓஎஸ்ஸை ஏற்றவில்லை என்று பொருள். ‘டிர் ஃபிளாஷ்:’ அடித்து, ஐஓஎஸ் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

3. விசாரணை

ஆரம்ப உரையாடல் வேண்டுமா என்று கேட்டால் ‘நோ’. பிறகு நிர்வாக நிலைக்குப் போக ‘எனேபிள்’. ‘ஷோ போஸ்ட்’ சோதனை முடிவுகளைக் காட்டும். ஒவ்வொன்றிலும் ‘பாஸ்டு’ இருக்க வேண்டும். ‘ஷோ என்வ் ஆல்’ விசிறி, வெப்பம், பவர் நிலையைச் சொல்லும். எனக்கு மிகவும் பயன்படுவது ‘ஷோ வெர்ஷன்’. எவ்வளவு நேரமாக ஓடுகிறது, கடைசியாக எதனால் ரீஸ்டார்ட் ஆனது, இரண்டும் அதில் உண்டு. அடிக்கடி விழுந்து எழும் ஸ்விட்சில் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

4. ஐபி முகவரி

‘கான்ஃபிகர் டெர்மினல்’, ‘இன்டர்ஃபேஸ் விலேன் 1’, ‘ஐபி அட்ரஸ் 192.168.1.10 255.255.255.0’, ‘நோ ஷட்டவுன்’. விலேன் 1 என்பது ஸ்விட்சில் ஆரம்பத்திலேயே இருக்கும் மெய்நிகர் நெட்வொர்க். உங்கள் நெட்வொர்க்குக்கு ஏற்ற முகவரியைப் போடுங்கள். ‘எனேபிள் சீக்ரெட்’ கட்டளையால் பாஸ்வேர்டும் வைத்துவிடுங்கள்.

‘எண்ட்’ அடித்து வெளியே வந்து, ‘காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்’. இதை விட்டால் அடுத்த ரீஸ்டார்ட்டில் எல்லாம் போய்விடும். சேமித்த கையோடு ‘ரீலோட்’ கொடுத்து, கன்சோலைக் கழற்றாமல் பூட் முழுவதையும் இன்னொரு முறை பாருங்கள். பிறகு லேப்டாப்பை ஒரு போர்ட்டில் இணைத்து, அதற்கும் அதே நெட்வொர்க்கில் ஒரு முகவரி கொடுத்து, பதில் வருகிறதா என்று ஸ்விட்சைப் பிங் செய்யுங்கள்.