பாஸ்கலில் திரெட்டுக்குள்ளிருந்து கிளாஸ் மெம்பர்களைத் தொடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாஸ்கல் புரோகிராம் எழுத உதவும் லாசரஸில் முதன்முதலாகத் திரெட் (புரோகிராமுக்குள் மற்ற வேலைகளோடு ஒரே சமயத்தில் ஓடும் தனி வேலை) எழுதுகிறவர்கள் பலர், அதைத் தொடங்கிவைக்கும் பிகின்திரெட் ஃபங்ஷனில் போய் முட்டிக்கொள்கிறார்கள். அது கேட்பது ஒரு சாதாரண ஃபங்ஷன், நாம் கொடுக்க நினைப்பதோ கிளாஸின் மெத்தட், அதாவது கிளாஸுக்குள் இருக்கும் ஃபங்ஷன். மெத்தடுக்குக் கூடவே செல்ஃப் என்று கண்ணுக்குத் தெரியாத பாராமீட்டர் ஒன்று உண்டு, எந்த ஆப்ஜெக்டின் மெம்பர்கள் (அதன் ஃபீல்டுகளும் மெத்தட்களும்) என்பதை அதுதான் சொல்கிறது. கம்பைலர் கத்துகிறதே என்று டைப்காஸ்ட் (ஒரு வகையை வேறு வகையாக நடத்தச் சொல்வது) போட்டு அதன் வாயை அடைக்காதீர்கள். செல்ஃபை பிகின்திரெட்டின் இரண்டாவது பாராமீட்டராக அனுப்பி, ஃபங்ஷனுக்குள் உங்கள் கிளாஸாக மாற்றிக்கொள்ளலாம், ஆனால் திரெட்டுகளுக்கென்றே உள்ள டிதிரெட் கிளாஸிலிருந்து ஒரு கிளாஸ் உருவாக்கி, திரெட்டில் ஓட வேண்டிய வேலையை வைக்கும் எக்சிக்யூட் மெத்தடை ஓவர்ரைடு செய்வதுதான் (நம் சொந்தக் கோடால் மாற்றி எழுதுவதுதான்) நல்லது என்பேன். திரெட்டை உருவாக்கும் கிரியேட்டுக்கு ட்ரூ கொடுத்து நிறுத்தி வைத்து, ஃபீல்டுகளை (ஆப்ஜெக்ட் தனக்குள் வைத்திருக்கும் மதிப்புகளை) நிரப்பிவிட்டு, அப்புறம் ஸ்டார்ட். எக்சிக்யூட்டை நீங்களே அழைத்தால் அது திரையைக் கவனிக்கும் மெயின் திரெட்டிலேயே ஓடும், வேலை முடியும்வரை ஃபார்ம் (புரோகிராமின் ஜன்னல்) அசையாது. லினக்ஸில் சிதிரெட்ஸ் யூனிட்டை மெயின் புரோகிராமின் யூசஸில் (பயன்படுத்தும் யூனிட்களின் பட்டியலில்) முதலாவதாகப் போடுங்கள், இல்லையென்றால் ரன்டைம் எரர் 232.

சரி, மெம்பர் கைக்கு எட்டிவிட்டது. உண்மையான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. எஃப்கவுண்ட் என்ற ஒரே ஃபீல்டை இரண்டு திரெட்டுகள் தலா 1 லட்சம் முறை இன்க் (ஒன்று கூட்டுவது) செய்தால் 2 லட்சம் வர வேண்டும், பல சமயம் குறைவாகத்தான் வரும். இன்க் என்பது படிப்பது, கூட்டுவது, எழுதுவது என்று மூன்று வேலை. இருவரும் 41 என்று படித்து, இருவரும் 42 என்று எழுதினால் ஒரு எண்ணிக்கை போயே போய்விட்டது. டிகிரிட்டிகல்செக்‌ஷன் என்ற பூட்டை வைத்து, ஒரு நேரத்தில் ஒரு திரெட் மட்டும் நுழையும்படி பூட்டுங்கள், விடுவிப்பதை ஃபைனலிக்குள் (பிழை வந்தாலும் ஓடும் பகுதிக்குள்) எழுதுங்கள். லேபிள், மெமோ போன்றவற்றைத் திரெட்டிலிருந்து நேராகத் தொடாமல், வேலையை மெயின் திரெட்டில் ஓடவைக்கும் சிங்க்ரனைஸ் வழியாகப் போங்கள், ஆனால் பூட்டைக் கையில் பிடித்துக்கொண்டே சிங்க்ரனைஸை அழைக்காதீர்கள்: மெயின் திரெட் அதே பூட்டுக்காகக் காத்திருந்தால் இரண்டும் அப்படியே நின்றுவிடும்.

திரெட் ஓடும்போதே ஆப்ஜெக்டை ஃப்ரீ செய்வது (அழிப்பது) இன்னும் மோசம், ஏனென்றால் கிராஷ் சில நாள் வரும், சில நாள் வராது. டெர்மினேட் என்பது திரெட்டைக் கொல்லாது, ஒரு கொடியை மட்டும் ஏற்றும். எக்சிக்யூட்டின் லூப்புக்குள் டெர்மினேட்டட் ட்ரூவா என்று நீங்கள்தான் பார்த்து வெளியேற வேண்டும். ஆகவே ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடும் டிஸ்ட்ரக்டரில் முதலில் டெர்மினேட், அடுத்து திரெட் முடியும்வரை காத்திருக்கும் வெயிட்ஃபார், அதற்குப் பிறகே ஃபீல்டுகளை விடுவிப்பது. இப்படிக் காத்திருக்கப் போகும் திரெட்டுக்கு ஃப்ரீஆன்டெர்மினேட் (முடிந்ததும் தானே அழிந்துகொள்ளும் அமைப்பு) ட்ரூ கொடுக்காதீர்கள், அந்தத் திரெட் தானாகவே அழிந்துபோன பிறகு நீங்கள் ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட நினைவகத்தைத்தான் தட்டிக்கொண்டிருப்பீர்கள்.