இட்லிப்பூச் செடி வெளிறினால் முதலில் தண்ணியைப் பாருங்கள்

கொழுந்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறை. அடியிலை முழுசாக மஞ்சளானால் தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறை. இது தெரியாமல் யூரியாவை அள்ளிப் போட்டுவிட்டு உரக்கடைக்காரரைத் திட்டுவதில் பயனில்லை.

கொங்குப் பக்கத்துக் கருமண்ணிலும் சுண்ணாம்புக்கல் கலந்த செம்மண்ணிலும் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு அதைக் கரைய விடுவதில்லை, அவ்வளவுதான். இட்லிப்பூ, கார்டீனியா இரண்டுக்கும் மண்ணின் பிஹெச் (புளிப்பு, கார அளவு) 5 முதல் 6 வரை இருந்தால் சுகம். காய்ந்த மண் ஒரு கரண்டியில் வெள்ளை வினிகரை ஊற்றிப் பாருங்கள். சொய்யென்று நுரைத்தால் சுண்ணாம்பு மண். தொட்டியில் வைப்பதே மேல். வெள்ளையடித்த சுவரோரம் வேண்டவே வேண்டாம்.

சிறுவாணித் தண்ணியோ மழைத்தண்ணியோ இருந்தால் அப்படியே ஊற்றலாம். போர் தண்ணி என்றால் 10 லிட்டர் பக்கெட்டுக்கு 2 கிராம் சிட்ரிக் அமிலம், இல்லாவிட்டால் இரண்டு எலுமிச்சம்பழச் சாறு வடிகட்டிக் கலக்குங்கள். பிஹெச் தாள் 6 காட்டினால் போதும். அதற்கு மேல் காட்டினால் இன்னும் கொஞ்சம் சேருங்கள். தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்குப் படிகிறதா, உங்கள் தண்ணிக்கு இது கட்டாயம்.

இப்போது உரம். லிட்டருக்கு 1 கிராம் அம்மோனியம் சல்பேட். 15 நாளைக்கு ஒருமுறை, 12 அங்குலத் தொட்டிக்கு 1 லிட்டர். இது மண்ணையும் மெல்லப் புளிக்க வைக்கும். மாதம் ஒருமுறை அதற்குப் பதிலாக தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம், அதே அளவு. அதற்கு மேல் போனால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஏறி இரும்பை மறுபடி கட்டிப்போடும். காய்ந்த வேரில் ஊற்றினால் இலை நுனி கருகும். முதலில் வெறும் தண்ணி விட்டு, பிறகு உரத்தண்ணி.

இரும்புச்சத்து உரத்தில் ஈ.டி.டி.ஹெச்.ஏ. வகையைக் கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல்தான். மலிவான ஈ.டி.டி.ஏ. நம் மண்ணில் இரும்பைக் கைவிட்டுவிடும். லிட்டருக்கு 1 கிராம் கரைத்து வேரில் ஊற்றுங்கள், பொழுது சாய்ந்த பிறகு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. கரைசல் நாவல்பழச் சாறு போலச் சிவந்திருக்கும்.

அவசரத்துக்கு அன்னபேதி (இரும்பு சல்பேட்) 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம், தண்ணி 1 லிட்டர்: மாலையில் இலைமேல் தெளிக்கலாம். கலந்த கையோடு தெளித்துவிட வேண்டும். பழுப்பேறிய கரைசலால் பயனில்லை. 19:19:19-ஓடு சேர்த்தால் அடியில் மண்டியாக இறங்கிவிடும். டைல்ஸில் சிந்தினால் துருக்கறை போகாது.

பச்சை திரும்புவது புதுக்கொழுந்தில்தான் தெரியும், இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அதுவரை முட்டை ஓட்டையும் அடுப்புச் சாம்பலையும் இந்தச் செடிப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். இரண்டும் சுண்ணாம்புதான்.