மூலப் பத்திரம் அண்ணன் கையில், இடம் வாங்குவது நீங்கள்: என்ன செய்யலாம்?

அப்பா ஒரே கிரையப் பத்திரத்தில் மூன்று ஏக்கர் வாங்கியிருந்தார். அவர் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் மூவரும் பாகப்பிரிவினை செய்துகொண்டார்கள். இப்போது தங்கை தன் ஒரு ஏக்கரை விற்க வருகிறார். விலை படிந்தாயிற்று. மூலப் பத்திரத்தைக் காட்டுங்கள் என்றால், "அது பெரியண்ணன் பீரோவில் இருக்கு, கேட்டால் தரமாட்டேங்கிறார்" என்கிறார். தமிழ்நாட்டில் நிலம் வாங்கப் போகிறவர்களில் பலரும் சந்திக்கும் சிக்கல் இது. வாங்குபவர் பக்கமிருந்து இதை எப்படி அணுகுவது என்று பார்ப்போம்.

படி 1: எந்தப் பத்திரம் யாரிடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

அப்பா வாங்கிய கிரையப் பத்திரம், அதாவது மூலப் பத்திரம், மூவருக்கும் பொதுவானது. தங்கைக்கு அந்த ஒரு ஏக்கரைத் தனியாகக் கொடுத்தது பாகப்பிரிவினைப் பத்திரம்தான். அதன் அசல் ஒருவரிடமும், பதிவான டூப்ளிகேட் மற்றவர்களிடமும் இருப்பது வழக்கம். தங்கையிடம் அதுவாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பட்டா தங்கை பெயரில் இருப்பது நல்லதுதான், ஆனால் பட்டாவை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். அது வருவாய்த்துறைப் பதிவே தவிர உரிமைப் பத்திரம் ஆகாது.

பாகமே பிரியவில்லை என்றால் கதை வேறு. தங்கை தன் பிரிபடாத பங்கை விற்கலாம், சொத்து மாற்றுச் சட்டம் 1882-இன் 44-ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் உங்கள் ஏக்கர் கிணற்றுப் பக்கமா ரோட்டுப் பக்கமா என்பது தெரியாது. அதுவே கூட்டுக் குடும்பம் வாழும் வீடாக இருந்தால், வெளியாளான உங்களுக்கு உள்ளே வந்து சேர்ந்து குடியிருக்கும் உரிமையும் கிடையாது. என்னைக் கேட்டால், புதிதாக நிலம் வாங்குபவர் இதைத் தொடவே வேண்டாம். பாகம் பிரித்துவிட்டு வரச் சொல்லுங்கள், அல்லது மூவரும் சேர்ந்து கிரையத்தில் கையெழுத்துப் போடட்டும்.

படி 2: சட்டப்படி யார் வைத்துக்கொள்ளலாம்?

பலரும் தவறாக நினைத்துக்கொண்டிருக்கும் இடம் இதுதான். சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவுப்படி, முழு விலையும் பெற்றுக்கொண்ட விற்பனையாளர் தன்னிடம் உள்ள உரிமைப் பத்திரங்களை வாங்கியவரிடம் கொடுத்துவிட வேண்டும். வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாதபோது இதற்கு இரண்டு விலக்குகள் உண்டு.

ஒன்று, பத்திரத்தில் கண்ட நிலத்தில் ஒரு பகுதியை விற்பனையாளர் தனக்கென வைத்துக்கொண்டால், பத்திரங்களையும் அவரே வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, முழு நிலத்தையும் துண்டு துண்டாகப் பலருக்கு விற்றால், அதிக மதிப்புள்ள துண்டை வாங்கியவருக்குப் பத்திரம் போகும். கவனியுங்கள், அதிகப் பரப்பு அல்ல, அதிக மதிப்பு. மெயின் ரோட்டை ஒட்டிய 40 சென்ட்டை வாங்கியவர், உள்ளே ஒரு ஏக்கர் வாங்கியவரை முந்திவிடலாம்.

பத்திரத்தை வைத்திருப்பவர் அதைப் பூட்டி வைத்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியாது. மற்றவர் நியாயமாகக் கேட்கும்போதெல்லாம் காட்ட வேண்டும், நகல் தர வேண்டும் (செலவு கேட்பவருடையது), பத்திரம் சேதமாகாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

நம் உதாரணத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. 55-ஆம் பிரிவு விற்பவரான தங்கையைத்தான் கட்டுப்படுத்துகிறது. அண்ணன் உங்களுக்கு எதையும் விற்கவில்லை. ஆகவே இப்போதைக்கு அவரிடம் பத்திரத்தைக் காட்டச் சொல்ல வேண்டியவர் சக பங்குதாரரான தங்கை. நீங்கள் நேராக அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சண்டை போடுவதில் பயனில்லை.

படி 3: அசலைக் கண்ணால் பாருங்கள்

வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறதே, அசல் எதற்கு என்று புரோக்கர் சொல்வார். நம்பாதீர்கள். பத்திரத்தை ஒப்படைத்து வாங்கும் கடனைப் பற்றி எழுத்து எதுவும் பதிவாகாமலே போகலாம், அப்படிப்பட்ட கடன் வில்லங்கத்தில் தெரியாது. தங்கையின் பங்கை அடமானம் வைக்க அண்ணனுக்கு உரிமையில்லை என்பது உண்மைதான். ஆனால் அதை வழக்குப் போட்டு நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும். எனவே அசல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

பத்திரம் வங்கியில் இருக்கிறது என்று தெரியவந்தால் ஒரு வகையில் நிம்மதி. வீட்டுக்கடன் போன்ற தனிநபர் கடன் முழுதும் அடைபட்ட 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் உத்தரவிட்டிருக்கிறது.

படி 4: சான்றிட்ட நகல் எடுங்கள்

பதிவான பத்திரத்தின் நகல் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது. பதிவுத்துறை இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். பதிவுச் சட்டம் 1908-இன் 57-ஆம் பிரிவுப்படி, அசலில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நிரூபிக்க இந்தச் சான்றிட்ட நகல் செல்லும். கடைசிவரை அண்ணன் தராவிட்டாலும் நிலம் கைவிட்டுப் போகாது என்பதற்கு இதுவே ஆதாரம். ஆனால் அசலைப் பார்ப்பதற்கு இது மாற்று இல்லை. வீட்டுக்கடன் தரும் வங்கியும் பெரும்பாலும் அசலைத்தான் கேட்கும், கடன் வாங்குவதாக இருந்தால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

படி 5: கிரையப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்

பாதிச் சண்டை இங்கேயே தீர்ந்துவிடும். இப்படி ஒரு வரி போதும்: "மேற்படி மூலப் பத்திரம் எழுதிக்கொடுப்பவரின் அண்ணன் வசம் உள்ளது. எழுதிவாங்குபவர் கேட்கும்போதெல்லாம் அதைக் காட்டவும் நகல் தரவும் அந்த அண்ணன் சம்மதிக்கிறார்." அண்ணனும் சம்மதம் தெரிவிப்பவராகக் கையெழுத்திட்டால்தான் இந்த வரி அவரைக் கட்டுப்படுத்தும். அவர் வராவிட்டால் அவர் பெயரில் இப்படி எழுதி ஒன்றும் ஆகாது. அப்போது, பின்னால் இதனால் நஷ்டம் வந்தால் தங்கை ஈடு செய்வதாக எழுதி வாங்குங்கள்.

படி 6: பதிவு அலுவலகத்தில் கேளுங்கள்

முந்தைய அசல் பத்திரம் இல்லாமல் பதிய முடியாது என்று தமிழ்நாட்டின் பதிவு விதிகளில் 2022-இல் 55-ஏ என்ற விதி வந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதன் முதல் உட்பிரிவை ரத்து செய்தது. அப்புறம் மாநிலச் சட்டமன்றம் பதிவுச் சட்டத்தையே திருத்த மசோதா நிறைவேற்றியது. ஆகவே போன வருடம் பதிந்தவர் சொல்வதைக் கேட்காதீர்கள், பத்திரம் எழுதும் வாரத்தில் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே கேளுங்கள்.

படி 7: எதற்கும் மசியவில்லை என்றால்

"தொலைந்துவிட்டது என்று போலீசில் எழுதிக் கொடுத்துச் சான்று வாங்கிடலாம்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். பத்திரம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே அப்படிச் செய்வது பொய்ப் புகார். அண்ணன் ஒருநாள் அசலைக் கோர்ட்டில் எடுத்து நீட்டினால் மாட்டிக்கொள்வது தங்கையும் அவரை நம்பிய நீங்களும்தான்.

சரியான வழி: தங்கை முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பட்டும். பத்திரங்களின் எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம் எல்லாம் அதில் வரவேண்டும். பலர் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடுவார்கள். இல்லையென்றால் பத்திரத்தைக் காட்டவும் நகல் தரவும் உத்தரவிடக் கேட்டு உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். நீங்கள் ஏற்கெனவே கிரையம் வாங்கிவிட்டவராக இருந்தால், அந்த நோட்டீஸில் உங்கள் பெயரும் சேரட்டும்.