தெருமுனையில் நூல் பிடித்துப் பாருங்கள்

குறுக்குத் தெருவிலிருந்து காரை வெளியே எடுக்கிறீர்கள். முனையை ஒட்டி ஒரு இன்னோவா நிற்கிறது. வலப்பக்கம் உங்கள் கண்ணுக்குத் தெரியும் ரோடு ஏழு மீட்டர்கூட வராது. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் பைக் ஒரு நொடிக்கு 8.3 மீட்டர் ஓடும். அது கண்ணில் பட்ட பிறகு பிரேக்கை மிதிக்க இருவருக்குமே நேரமில்லை. ஹாரன் அடித்துக்கொண்டே மூக்கை நீட்டுவது நம் ஊர் வழக்கம். காதில் இயர்போன் மாட்டிய டெலிவரி பையனுக்கு அது கேட்காது, பந்தைத் துரத்தி வரும் குழந்தைக்கு அது எதற்கு அடிக்கிறார்கள் என்றே புரியாது.

முனையில் சில மீட்டரைக் காலியாக வைத்தால் இது பெருமளவு தீரும். எத்தனை மீட்டர், எந்தப் பக்கம் என்று அளந்து காட்டினால்தான் தெருக்காரர்கள் ஒப்புவார்கள், மாநகராட்சி உதவிப் பொறியாளரும் காது கொடுப்பார். "ரொம்ப டேஞ்சரா இருக்கு சார்" என்கிற மனு எல்லாத் தெருவிலிருந்தும்தான் போகிறது.

அளப்பது எப்படி

30 மீட்டர் டேப், கொத்தனார் நூல் ஒரு உருண்டை, சாக்பீஸ், மூன்று பேர். ஞாயிறு காலை ஆறு மணி தோதான நேரம்: ஓட்டம் குறைவு, வண்டிகளெல்லாம் நிறுத்திய இடத்திலேயே இருக்கும். இங்கே சொல்லும் அளவுகள் முப்பதடி ரோட்டில் இருபதடிக் குறுக்குத் தெரு வந்து முட்டும் முக்குக்கானவை.

முதலில் முப்பதடி ரோட்டின் ஓரத்தை, குறுக்குத் தெருவின் வாயை அடைப்பதுபோல், நேராக நீட்டி ஒரு கோடு போடுங்கள். ஓரக்கல் இல்லையென்றால் தார் முடியும் இடத்தை ஓரமாக வைத்துக்கொள்ளலாம். ஓரமாக நிற்கும் கார் ஏறக்குறைய 2 மீட்டர் ரோட்டைப் பிடிக்கும். உங்கள் காரின் பம்பர் அந்தக் காரின் வெளிப்பக்கத்துக்குச் சமமாக வரும்வரை முன்னே எடுங்கள். அதற்கு மேல் போனால் ஓட்டத்துக்குள் போய்விடும். சின்னக் கார்களில் பம்பரிலிருந்து ஓட்டுநரின் கண் 2 முதல் 2.4 மீட்டர் பின்னால் இருக்கிறது. ஆக மூக்கு வெளியே போன பிறகும் கண் இன்னும் கோட்டுக்கு ஒரு சாண் உள்ளேதான். அந்தக் கண்ணுக்கு நேர் கீழே தரையில் ஒரு புள்ளி வைத்துவிட்டு காரை எடுத்துவிடுங்கள்.

அடுத்து, ஓரத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி ரோட்டின் நீளவாக்கில் இன்னொரு கோடு. நிற்கிற வண்டிகளைத் தாண்டி வரும் வாகனத்தின் வழி அது. ஒருவர் புள்ளியின் மேல் 1.2 மீட்டர் உயரத்தில் நூலைப் பிடிக்கட்டும். காரில் உட்கார்ந்தவரின் கண் உயரம் அதுதான். மற்றவர் நூலை, முனைக்கு மிக அருகில் நிற்கும் காரின் ரோட்டுப் பக்கத்துப் பம்பர் மூலையை உரசினாற்போல இழுத்துப் போகட்டும். நூல் அந்த 4 மீட்டர் கோட்டை வெட்டுகிற இடம்வரைதான் ஓட்டுநருக்கு ரோடு தெரிகிறது. மூன்றாமவர், கண் புள்ளிக்கு நேரிலிருந்து அந்த இடம்வரை ரோட்டின் நீளவாக்கில் டேப் பிடித்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

முனையை ஒட்டியே கார் நின்றால் கிடைப்பது 6.7 மீட்டர். முனையிலிருந்து 6 மீட்டர் காலியாக இருந்தால் 18 மீட்டர். 10 மீட்டர் காலியென்றால் 25 மீட்டருக்குச் சற்று மேல். இதை, சாலைகளுக்கு அளவு வகுக்கும் இந்தியச் சாலைப் பேராயம் (ஐ.ஆர்.சி.) சொல்லும் நின்றுவிடும் தூரத்தோடு, அதாவது ஆபத்தைப் பார்த்த நொடியிலிருந்து வண்டி நிற்பதற்குள் ஓடும் தூரத்தோடு, ஒப்பிடுங்கள்: மணிக்கு 20 கி.மீ. என்றால் 20 மீட்டர், 25-க்கு 25, 30-க்கு 30, 40-க்கு 45. ஓட்டுநர் சுதாரிக்க இரண்டரை நொடி விட்டுப் போட்ட கணக்கு அது. முனையை மட்டும் காலி செய்துவிட்டு ரோட்டில் 40-ல் பறக்கவிட்டால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். 10 மீட்டர் காலி இடமும் ஒரு நல்ல வேகத்தடையும் ஜோடி. பேராயத்தின் அளவுப்படி வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம் கொண்ட வளைவுத் தடையை 25 கி.மீ.யில் இடுப்பு நோகாமல் தாண்டலாம். தெருக்காரர்களே சிமென்ட் கொட்டிப் போடும் குறுகிய மேடு இதற்கு உதவாது. பைக்காரர்கள் அதன் ஓரச் சந்தில் நுழைந்து, சரியாக உங்கள் முனையை உரசிக்கொண்டு வருவார்கள்.

வலமும் இடமும் ஒன்றல்ல

நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். குறுக்குத் தெருவிலிருந்து வெளியே வரும்போது முதலில் குறுக்கிடுவது வலமிருந்து வரும் வண்டி. அது உங்கள் பக்கத்து ஓரத்தை ஒட்டி வருகிறது. இடமிருந்து வருவது எதிர் ஓரத்தில் வருவதால் பார்வைக்குக் கொஞ்சம் இடமிருக்கிறது. எனவே வலப்பக்கம் 10 மீட்டர், இடப்பக்கம் 5 அல்லது 6 மீட்டர் என்று கேளுங்கள். இரண்டு பக்கமும் சமமாகக் கேட்டு வலப்பக்கத்தில் விட்டுக்கொடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. இடப்பக்கத்தை அடியோடு விட்டுவிடவும் முடியாது, ராங் சைடில் வருகிறவர் அந்த வழியாகத்தான் வருவார்.

சட்டம் இதைவிடக் கடுமை. 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறை விதிகள்படி சந்திப்பின் விளிம்பிலிருந்து 50 மீட்டருக்குள் வண்டி நிறுத்தக்கூடாது. அறுபது எழுபது மீட்டருக்கு ஒரு குறுக்குத் தெரு வரும் பேட்டையில் அதை அப்படியே கேட்டால் தெருவில் ஒரு கார்கூட நிற்க முடியாது, அதனால் யாரும் கேட்பதும் இல்லை. பிரிட்டனில் 10 மீட்டர். ஜெர்மனியில் 5 மீட்டர், சைக்கிள் பாதை இருந்தால் 8. கலிபோர்னியா 2023-இல் சட்டம் போட்டு, பாதசாரிக் கடவைக்கு முன்னால் வண்டிகள் வரும் பக்கம் 20 அடி, அதாவது 6 மீட்டர், காலியாக இருக்க வேண்டும் என்றது. நம் 10 மீட்டர் நியாயமான கோரிக்கைதான்.

கேட்பதும் காப்பதும்

வலப்பக்கம் இரண்டு கார், இடப்பக்கம் ஒரு கார். முனை ஒன்றுக்கு மூன்று இடம் போகும். அந்த மூன்றுக்கும் மாற்று இடம் காட்டாமல் போனால் கூட்டம் சண்டையில் முடியும். கவர் போட்டு மாதக்கணக்கில் நகராமல் நிற்கும் கார்களை முதலில் எண்ணுங்கள். சாதாரணக் காரின் கண்ணாடி வழியே எதிரில் வருவது ஓரளவு தெரியும். கவர் போட்டது சுவர்தான். அபார்ட்மென்ட்டின் ஸ்டில்ட் பார்க்கிங்கில் பழைய கட்டில் பீரோ அடைத்திருந்தால், அதைக் காலி செய்தால் கிடைக்கும் இடத்தையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

அளந்த படம், மூன்று வேளை (பள்ளி நேரம், மாலை ஏழு மணி, இரவு பத்து மணி) எடுத்த போட்டோ, கேட்கும் மீட்டர் கணக்கு ஆகியவற்றோடு போக்குவரத்துக் காவல் நிலையத்துக்கும் மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கும் ஒரே மனுவைக் கொடுங்கள். சென்னையில் 1913 என்ற மாநகராட்சி உதவி எண்ணில் கூப்பிட்டுப் பதிவு செய்து புகார் எண்ணை வாங்கிக்கொள்ளலாம். வீட்டு வாசலில் நாமே மாட்டும் நோ பார்க்கிங் பலகைக்குச் சட்ட பலம் கிடையாது. ரோட்டில் கல் போடவே கூடாது. இரவில் பைக்காரர் விழுந்தால் பழி கல் போட்டவர் மேல்தான்.

மஞ்சள் கோடு மட்டும் போட்டால் ஒரு மழைக்காலம் தாங்கும், அதற்குள் இஸ்திரி வண்டியோ குப்பைத் தொட்டியோ அங்கே குடியேறிவிடும். 75 செ.மீ. உயரத் தடுப்புக் கம்பங்களை ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக நட்டுத் தரும்படி கேளுங்கள். கார் நுழையாது, சக்கர நாற்காலி போகும், பார்வை மறைக்காது. பூந்தொட்டி அழகுதான், ஆனால் அரளி இரண்டே ஆண்டில் ஆளுயரம் வளர்ந்துவிடும். இருசக்கர வண்டிகளுக்கு இடம் ஒதுக்க வேண்டியிருந்தால் முனையிலிருந்து 5 மீட்டருக்கு அப்பால் ஒதுக்குங்கள். பெரியவர் தலை ஸ்கூட்டருக்கு மேல் தெரியும், குழந்தை தலை தெரியாது.

மூலை மனைகளுக்கு ஸ்ப்ளே என்று ஒரு முக்கோணத்தை வெட்டி விடச் சொல்வது வழக்கம். அந்த முக்கோணத்தில் ஜெனரேட்டரோ செக்யூரிட்டி கூண்டோ நின்றால், கார்களையெல்லாம் அகற்றினாலும் வலப்பக்கம் தெரியாது. நூல் பிடிக்கும்போதே அதையும் பாருங்கள்.

குவிகண்ணாடி கடைசித் துணை. அதில் எல்லாம் சின்னதாகவும் தூரத்திலும் தெரியும், வேகம் பிடிபடாது. எதிர்ச் சுவரில் இரண்டரை மீட்டர் உயரத்தில் மாட்டி, மாதம் ஒருமுறை துடைக்க ஆள் வையுங்கள்.

இதெல்லாம் நடக்கும்வரை, கோட்டில் முழுதாக நிறுத்தி, ஒரு சாண் ஒரு சாணாக முன்னே எடுங்கள். இரவில் ஹெட்லைட்டை ஒருமுறை டிம் டிப் அடியுங்கள். நிற்கும் காரின் அடியில் பாருங்கள்: கால்களும் சக்கரங்களும் தலைக்கு முன்னால் அங்கேதான் தெரியும்.