3டி மேமோகிராம்: காசு செலவழித்தும் பலன் கைநழுவும் இடங்கள்

மேமோகிராம் என்பது மார்பகப் புற்றுநோயைத் தேடும் எக்ஸ்ரே. சாதாரண, அதாவது 2டி மேமோகிராமில் 5 செ.மீ. கனமுள்ள மார்பகம் முழுவதும் ஒரே தட்டைப் படமாகப் பதிவாகிறது. மேல் திசுவின் நிழலும் அடித்திசுவின் நிழலும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. சில சமயம் உண்மையான கட்டி அதற்குள் ஒளிந்துகொள்ளும். சில சமயம் ஒன்றுமில்லாத திசு மடிப்பே கட்டி போலத் தெரிந்து, அந்தப் பெண்ணை மறுபடி வரச்சொல்ல வேண்டிவரும்.

டோமோசிந்தசிஸ் எனப்படும் 3டி மேமோகிராம் சரிசெய்வது இந்த நிழல் குழப்பத்தைத்தான். எக்ஸ்ரே குழாய் வில் போல நகர்ந்து, பல கோணங்களில் மெல்லிய கதிரில் படம் எடுக்கும். ஹோலாஜிக் கருவியில் 15 டிகிரி வளைவில் 15 படங்கள், சீமென்ஸில் 50 டிகிரியில் 25. கணினி அவற்றை 1 மி.மீ. இடைவெளியுள்ள அடுக்குகளாக்கித் தரும். 2011-ல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. முதல் கருவிக்கு அனுமதி கொடுத்தது. 2014-ல் அங்கே 13 மையங்களில் நடந்த 4,54,850 பரிசோதனைகளை அலசிய ஆய்வில், 3டி சேர்ந்த பிறகு 1,000 பேரில் மறு அழைப்பு 107-லிருந்து 91 ஆகக் குறைந்தது. கண்டுபிடிக்கப்பட்ட புற்றுநோய் 4.2-லிருந்து 5.4 ஆகக் கூடியது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் பலர் இதற்கு மேலும் எதிர்பார்க்கிறார்கள். தவறுகள் அங்கிருந்தே தொடங்குகின்றன.

"3டி-யிலேயே ஒன்றும் இல்லையாம்"

மார்பகத்தைத் தொட்டால் கட்டி தட்டுப்படுகிறது, 3டி அறிக்கை நார்மல் என்கிறது. இத்தோடு நிறுத்துவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான தவறு. கட்டி தெரிந்தால் அது அறிகுறி இல்லாதவர்களுக்குச் செய்யும் ஸ்கிரீனிங் இல்லை, நோயறியும் பரிசோதனை. அந்த இடத்தை அல்ட்ராசவுண்டில் பார்க்க வேண்டும். சந்தேகம் மிஞ்சினால் பயாப்சி, அதாவது திசுவில் சிறிது எடுத்துச் சோதிப்பது. காம்பிலிருந்து இரத்தக் கசிவு, தோல் உள்ளிழுத்தல், அக்குளில் வீக்கம் எல்லாவற்றுக்கும் இதே விதி. முப்பது வயதுக்குள் கட்டி என்றால் முதலில் செய்ய வேண்டியதே அல்ட்ராசவுண்ட்தான்.

அறிக்கையில் மார்பக அடர்த்தியை ஏ, பி, சி, டி என நான்காகப் பிரித்திருப்பார்கள். மிக அடர்த்தியான கடைசிப் பிரிவில் 3டி-யின் கூடுதல் பலனும் சுருங்கிவிடும். அடுக்கடுக்காகப் பிரித்தாலும், திசுவுக்கும் கட்டிக்கும் நடுவே கறுப்பாகத் தெரிய வேண்டிய கொழுப்பு அங்கே இல்லை; ஒவ்வொரு அடுக்கிலும் வெள்ளைக்குள் வெள்ளையைத் தேட வேண்டும். அப்படிப்பட்டவர்கள் கூடவே அல்ட்ராசவுண்ட் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது. மார்பகப் புற்றுநோய் அபாயத்தை மிகவும் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் இருப்பவர்களுக்கு எம்.ஆர்.ஐ.யும் தேவை.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: 3டி கிடைக்கவில்லை என்பதற்காகப் பரிசோதனையையே தள்ளிப்போடுவது. அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2024-ல் 40 முதல் 74 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று பரிந்துரைத்தபோது, 2டி, 3டி இரண்டையுமே ஏற்றுக்கொண்டது. பக்கத்து அரசு மருத்துவமனையில் 2டி இருந்தால் தாராளமாக எடுக்கலாம். எடுக்கக் கூடாதது "வலியில்லை, கதிர்வீச்சில்லை" என்று முகாம்களில் விற்கப்படும், உடல் வெப்பத்தைப் படமெடுக்கும் தெர்மோகிராபியை மேமோகிராமுக்கு மாற்றாக. எஃப்.டி.ஏ. இதை வெளிப்படையாகவே எச்சரித்திருக்கிறது.

பவுடரும் செயினும்

"பவுடர் போடாதீங்க" என்பதைச் சம்பிரதாயம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆரம்பகட்டப் புற்றுநோயின் ஒரு முக்கிய அடையாளம் கொத்தாகக் கிடக்கும் கால்சியம் துகள்கள். பல துகள்கள் அரை மி.மீ. கூட இருக்காது. டியோடரன்டில் உள்ள அலுமினியமும், வேர்க்குரு பவுடரில் உள்ள துத்தநாக ஆக்சைடும் படத்தில் கிட்டத்தட்ட அதே போல மின்னும். நம் வெயிலுக்கு மார்பகத்தின் அடிமடிப்பில் பவுடர் போடாதவர்கள் குறைவு; முதல் நாள் போட்டதுகூட அந்த மடிப்பில் தங்கியிருக்கும். காலையில் சோப்புப் போட்டு அங்கேயும் அக்குளிலும் நன்றாகக் கழுவிவிட்டு, எதுவும் பூசாமல் போங்கள். 3டி-யில் துகள் தோலை ஒட்டிய முதல் அல்லது கடைசி அடுக்கில் மட்டும் தெரிந்தால் வெளியே ஒட்டியதாக இருக்கலாம் என்று ரேடியாலஜிஸ்ட் ஊகிக்க முடியும். மடிப்பு நடுவில் சிக்கியிருந்தால் அந்த வசதியும் போய்விடும்.

தாலிச் செயினைக் கழற்ற மனமில்லாதவர்கள் உண்டு. 2டி-யில் உலோகம் தான் விழுந்த இடத்தை மட்டும் மறைக்கும். 3டி-யில் குழாய் நகர நகர அதன் நிழலும் இடம் மாறி, மற்ற அடுக்குகளிலும் ஜிப் பல் போல வரிசையாகப் பதியும். கழற்ற முடியாது என்றால் டெக்னீஷியனிடம் முன்பே சொல்லுங்கள். முதுகுப் பக்கம் தள்ளி, அங்கேயே நிற்கும்படி ஒட்டிவிடுவார். பின்னலைக் கொண்டையாக முடிந்துகொள்ளுங்கள், தலைமுடியும் படத்தில் விழும்.

அழுத்தத்தைக் குறைக்கச் சொல்வது

3டி-க்கு அழுத்தவே வேண்டாம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அழுத்தம் அதே அழுத்தம்தான். கனம் குறைந்தால் கதிர்வீச்சும் குறையும், மார்பகமும் அசையாது. 3டி-யில் அசையாமை இன்னும் முக்கியம்: கருவியைப் பொறுத்து ஒரு படத்துக்குச் சுமார் 4 நொடியிலிருந்து 25 நொடி வரை ஆகலாம், அதற்குள் லேசாக அசைந்தாலும் நுண்துகள்கள் கலங்கிவிடும். வலி தாங்காதவர்கள் மாதவிடாய் தொடங்கிய அடுத்த வாரத்தில் தேதி வாங்கினால் மார்பகத்தில் கனப்பு குறைவாக இருக்கும். மார்பகத்தில் இம்ப்ளான்ட் இருந்தாலோ, கர்ப்பமாக இருக்க வாய்ப்பு இருந்தாலோ படுக்கையறை ரகசியம் போல மறைக்காமல் முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும்.

கதிர்வீச்சு பற்றி ஒரு கேள்வி கேட்கலாம்: "2டி தனியாக எடுப்பீர்களா, 3டி-யிலிருந்தே உருவாக்குவீர்களா?" இரண்டையும் தனித்தனியாக எடுத்தால் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். 3டி தரவிலிருந்தே 2டி படத்தைக் கணினி உருவாக்கும் மென்பொருளுக்கு 2013-லேயே எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்துவிட்டது. இரட்டிப்பானாலும் பயப்படும் அளவு இல்லை. ஆனால் தேவையில்லாததை ஏன் வாங்க வேண்டும்?

ஃபிலிமை மட்டும் வாங்கி வருவது

பக்கத்துக்கு இரண்டு என நான்கு படங்கள், ஒவ்வொன்றிலும் சுமார் 50 அடுக்கு. ஏறக்குறைய 200 படங்களை ஃபிலிமில் அச்சிட யாராலும் முடியாது. கவரில் வருவது அவற்றின் தட்டையான சுருக்கம் மட்டுமே. நீங்கள் காசு கொடுத்த 3டி அதில் இல்லை. டைகாம் என்ற மருத்துவப் படக் கோப்பு வடிவில் முழு அடுக்குகளும் உள்ள சிடி அல்லது பென் டிரைவைக் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை வைத்து இரண்டாவது கருத்து கேட்பதில் அர்த்தமில்லை. பழைய படங்களையும் எடுத்துப் போங்கள். முடிந்தால் இரண்டு மூன்று ஆண்டுக்கு முந்தையதும் சேர்த்து. மெல்ல வளரும் மாற்றம் போன வருடப் படத்தோடு ஒப்பிட்டால் சிக்காமல் போகலாம்.

எண்ணைப் பார்த்துப் பதறுவது

அறிக்கையின் கடைசியில் பைராட்ஸ் என்று ஓர் எண் இருக்கும்; படத்தில் தெரிந்தது எவ்வளவு சந்தேகத்துக்குரியது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லும் குறியீடு அது. பைராட்ஸ் 4-ஐப் பார்த்துவிட்டு "நாலாவது ஸ்டேஜாம்" என்று வீட்டில் அழுகை தொடங்கிவிடும். ஸ்டேஜுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 4 என்றால் பயாப்சி செய்து பார்க்க வேண்டும் என்று பொருள். அதில் கணிசமானவை புற்றுநோய் இல்லை என்றே முடியும். 0 என்பதை "ஒன்றுமில்லை" என்று படித்துவிட்டு அறிக்கையைப் பீரோவில் வைப்பது இதைவிட மோசம். 0 என்றால் முடிவு சொல்ல இன்னும் படமோ பழைய படமோ தேவை என்று அர்த்தம். ஒன்றுமில்லை என்பதற்கான எண் 1. 3 வந்தால் புற்றுநோய்க்கான வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு, ஆனால் ஆறு மாதத்தில் மறுபடி பார்த்தாக வேண்டும். அந்தத் தேதியை அன்றைக்கே காலண்டரில் குறித்துவிட்டு, சிடியை அறிக்கைக் கவரிலேயே போட்டு வையுங்கள்; போகும்போது கூடுமானவரை அதே மையத்துக்கே போங்கள்.