மகாலுக்கு வடக்கே: காஞ்சியிலிருந்து வாரங்கல் வரை

மதுரைக்குப் போகிறவர்கள் திருமலை நாயக்கர் மகாலைப் பார்க்காமல் திரும்புவதில்லை. தூணோரம் நின்று படம் எடுத்துக்கொள்வதோடு சரி. இந்த நாயக்கர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பிள்ளைகள் கேட்டால், "ஆந்திராப் பக்கம்" என்று சொல்லி நடையைக் கட்டிவிடுவோம். அந்தப் பக்கத்தைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஓர் இரவு ரயில் போதும். வெளிநாட்டிலிருந்து மூன்று வாரம் ஊருக்கு வருகிறவர்கள் நான்கு நாளை இதற்கு ஒதுக்கலாம். கல்யாண வீட்டு அழைப்புகளில் ஒன்றிரண்டைத் தட்டிக்கழிக்கவும் நல்ல சாக்கு.

ஒன்றை முதலிலேயே தெரிந்துகொண்டு போங்கள். இன்றைய தெலங்கானாவின் வாரங்கலை ஆண்ட காகதீயர்களும் மதுரை நாயக்கர்களும் ஒரே வம்சம் அல்ல. வாரங்கல் 1323இல் டில்லிப் படையிடம் விழுந்தது. விசுவநாத நாயக்கர் விஜயநகரத்தின் ஆளாக மதுரைக்கு வந்தது 1529இல். இடையில் இருநூறு ஆண்டுகள். ஆனால், படைத்தலைவனுக்கு ஒரு பகுதியின் வருவாயைக் கொடுத்து, பதிலுக்குப் படை வைத்திருக்கச் சொல்லும் ஏற்பாடு காகதீயர் காலத்திலேயே வழக்கத்துக்கு வந்துவிட்டது. விஜயநகரத்தில் அது பெருகியது. நம்மூர்ப் பாளையங்கள் அதன் பேரப்பிள்ளைகள்.

பயணத்தைக் காஞ்சிபுரத்தில் தொடங்குங்கள். பட்டுச் சேலை எடுக்க எப்படியும் போவீர்கள். ஏகாம்பரநாதர் கோயிலில் காகதீய மன்னன் கணபதிதேவன் காலத்துக் கல்வெட்டு உண்டு, ஆண்டு 1249. வரதராஜர் கோயிலில் 1316ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, பிந்தைய காகதீய மன்னன் பிரதாபருத்திரனின் தளபதி முப்பிடி நாயக்கன் காஞ்சிக்கு வந்து மானவீரன் என்பவனை ஆளுநராக அமர்த்தியதைச் சொல்கிறது. மதுரையில் நாயக்கர் ஆட்சி தொடங்குவதற்கு இருநூறு ஆண்டுக்கு முன்பே தெலுங்குப் படை காஞ்சி வரை வந்துபோயிருக்கிறது. அதே வரதராஜர் கோயிலில் விஜயகண்டகோபாலன் என்ற தெலுங்குச் சோழனின் கல்வெட்டுகளும் இருக்கின்றன. அவை தமிழில்தான் உள்ளன. நெல்லூரை மையமாக வைத்து ஆண்ட இந்தத் தெலுங்குச் சோழர்கள், காவிரிக்குக் கரை கட்டிய கரிகாலனின் வழிவந்தவர்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டவர்கள். மகாபாரதத்தின் பெரும்பகுதியைத் தெலுங்கில் பாடிய திக்கன்னா அவர்களில் ஒருவனான மனுமசித்தியின் அவைக்களப் புலவர்.

போக்குவரத்து ஒருவழிப் பாதையாகவும் இருக்கவில்லை. தமிழகத்துக் காடவர் குலச் சிற்றரசன் கோப்பெருஞ்சிங்கனின் கல்வெட்டு, 1262ஆம் ஆண்டினது, கோதாவரிக் கழிமுகத்தில் திராக்ஷாராமம் கோயிலில் இருக்கிறது.

கோயில் சுவரில் இந்தக் கல்வெட்டுகளைத் தேடி வெறுமனே அலையாதீர்கள். தொல்லியல் துறையின் பழைய கல்வெட்டுத் தொகுதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்தச் சுவர், எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது.

இலங்கையிலிருந்து வருகிறவர்கள் வேலூரையும் சேர்த்துக்கொள்ளலாம். கண்டியின் கடைசி அரசன், நாயக்கர் மரபினனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், 1832இல் அங்கேதான் சிறையிருப்பில் இறந்தான். பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் அவன் நினைவிடம் இருக்கிறது.

இனி வாரங்கல். சென்னை–டில்லி தடத்தில் விஜயவாடாவைத் தாண்டி வரும் பெரிய நிலையம். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும். தை மாத விடுமுறை நாட்களில் சீக்கிரமே தீர்ந்துவிடும். தங்குவதற்கு ஒட்டியிருக்கும் ஹனம்கொண்டாவைத் தேர்ந்தெடுங்கள். அங்கிருந்து ஆயிரங்கால் கோயில் பக்கத்திலேயே. 1163இல் காகதீய மன்னன் ருத்திரதேவன் கட்டியது. சிவன், விஷ்ணு, சூரியன் மூவருக்கும் ஒரே மண்டபத்தைச் சுற்றி மூன்று சந்நிதிகள். காலை ஏழு மணிக்குப் போனால் கூட்டம் இராது.

கோட்டையைக் கணபதிதேவன் தொடங்கினான், அவன் மகள் ருத்திரமாதேவி முடித்தாள். வெளியே மண்மதில், உள்ளே கருங்கல் மதில், அகழி. ஆட்டோவில் சுற்றாமல் உள்மதிலின் வாயில்களில் ஒன்றையாவது நடந்து கடந்து பாருங்கள். யானைப் படை நேரே பாய முடியாதபடி வழியை வளைத்து வைத்திருக்கிறார்கள். நடுவில் இடிந்துபோன சிவன் கோயிலைச் சுற்றி நான்கு திசையிலும் நான்கு கல் தோரணங்கள் நிற்கின்றன. தெலங்கானா அரசுச் சின்னத்தில் இருப்பது இந்தத் தோரணம்தான். கோயில் போய் வாசல்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

ருத்திரமாதேவியைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல நிறைய உண்டு. 1262இல் தந்தைக்குப் பின் பட்டத்துக்கு வந்தவள். ஆண் பெயரோடு கல்வெட்டுகளில் வருகிறாள். காகதீயருக்குக் கீழ்ப்பட்ட காயஸ்தக் குடியின் தலைவன் அம்பதேவன் அவளுக்கு எதிராகக் கிளர்ந்தான். நல்கொண்டா மாவட்டத்துச் சந்துபட்லா கல்வெட்டு கிடைத்த பிறகுதான் அவள் 1289இல் இறந்தாள் என்பது தெரியவந்தது. ஒரு பணியாள், இறந்த அரசிக்கும் அவள் தளபதி மல்லிகார்ஜுன நாயக்கனுக்கும் புண்ணியமாக நிலம் விட்ட செய்தி அது.

மறுநாள் ராமப்பா கோயில். ஏறக்குறைய 70 கிலோமீட்டர். முலுகு வரை பேருந்து, பிறகு ஆட்டோ. வயதானவர்கள் உடன் இருந்தால் கார்தான் வசதி. 1213இல் இதைக் கட்டியவன் அரசன் இல்லை, கணபதிதேவனின் படைத்தலைவன் ரேச்சர்ல ருத்திரன். சிற்றரசக் குடிகளின் கையில் எவ்வளவு செல்வம் இருந்தது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. விமானத்துச் செங்கல் தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு லேசானது. கூரைக்கு முட்டுக்கொடுக்கும் கருங்கல் மங்கையரின் பளபளப்பைத் தொட்டுப் பார்க்கத் தோன்றும், தொடாதீர்கள். 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு காவலும் கூடியிருக்கிறது. பக்கத்து ஏரியையும் பாருங்கள். வறண்ட மேட்டுநிலத்தில் ஏரி வெட்டி உழவைப் பரப்பியதுதான் இந்தக் குடிகளுக்குப் படை வைக்கப் பணம் தந்தது.

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மே மாதத்தில் வெறுங்காலோடு அந்தக் கல்தளத்தில் நிற்க முடியாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, இரட்டைப்படை ஆண்டில் தை, மாசியை ஒட்டி மேடாரத்தில் சம்மக்கா சாரலம்மா ஜாத்திரை வரும். அப்போது வாரங்கலில் அறையும் கிடைக்காது, சாலையும் நகராது. கப்பம் கேட்ட காகதீயரை எதிர்த்து மடிந்த பழங்குடிப் பெண்களின் விழா அது. கூட்டத்துக்கு அஞ்சாதவர்கள் அதற்காகவே போகலாம்.

கட்டண விஷயம்: ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) இருந்தால் நினைவுச்சின்னங்களில் இந்தியர் கட்டணம்தான். இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் சார்க் நாடு என்பதால் அதே கட்டணம். மற்ற கடவுச்சீட்டில் விசா எடுத்து வந்தவர்களுக்கு வெளிநாட்டவர் கட்டணம். அசல் அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

சாதிப் பேச்சில் மாட்டிக்கொள்ளாதீர்கள். காகதீயர் எங்கள் ஆள் என்று சொல்ல இன்று பல சமூகங்கள் உண்டு. காகதீயரோ தங்கள் கல்வெட்டுகள் சிலவற்றில் நான்காம் வருணத்தார் என்று தயங்காமல் எழுதிவைத்தவர்கள். பதவியும் வீரமும் பிறப்பைவிடப் பெரிதாகப் பேசப்பட்ட காலம் அது. உள்ளூர் வழிகாட்டி வேறு கதை சொன்னால் தலையாட்டிவிட்டு நகருங்கள்.

நாள் மிச்சமிருந்தால் திரும்பும் வழியில் குண்டூரில் இறங்குங்கள். ரெட்டி மன்னர்களின் கொண்டவீடு மலைக்கோட்டை அரைநாள் வேலை. 1515இல் கிருஷ்ணதேவராயர் பிடித்தது. என்னைக் கேட்டால் அதைவிடப் பல்நாட்டுக் காரம்பூடிக்குப் போவேன். 12ஆம் நூற்றாண்டில் குரஜாலாவுக்கும் மாசர்லாவுக்கும் நடந்த பங்காளிச் சண்டை அங்கே முடிந்தது. சேவல் சண்டையில் மூண்ட பகை என்பார்கள். நாயகுராலு நாகம்மா என்ற பெண் அமைச்சர் ஒரு பக்கம், எல்லாச் சாதியாரையும் ஒரே பாயில் உட்கார்த்திச் சோறு போட்ட பிரம்மநாயுடு மறுபக்கம். தீபாவளிக்கு அடுத்த அமாவாசையிலிருந்து ஐந்து நாள் வீரர் விழா; ஆயுதங்களை வெளியே எடுத்து வழிபடுவார்கள். மூன்றாம் நாள் அந்தப் பாய்ச் சோற்றுப் பந்தி உண்டு. காரம் தாங்காதவர்கள் தயிர் வாங்கிக்கொண்டு உட்காரவும்.