தையல் கடையில் தேதி சொல்லும்போது செய்யக்கூடாத தவறுகள்

என்னிடம் தையல் பழகிய இரண்டு பெண்கள் இந்த வருஷம் தனியாகக் கடை போட்டிருக்கிறார்கள். போன வாரம் அதில் ஒருத்தியின் கடைக்குப் போயிருந்தேன். மேசைக்கடியில் 18 ஜாக்கெட் துணிகள், வெட்டிச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுக் கிடந்தன. தைத்து முடித்தது ஒன்றுகூட இல்லை. வாசலில் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். "நாளைக்கு வாங்கம்மா, கண்டிப்பா ரெடியா இருக்கும்" என்று அவரிடம் இவள் சொல்லிக்கொண்டிருந்தாள். கடை போட்ட புதிதில் நானும் இதைத்தான் தினமும் சொன்னேன்.

அளவு தப்புவதும் நூல் நிறம் பொருந்தாததும் நாலு துணி கெட்டால் தானாகத் திருந்திவிடும். தேதி விஷயத்தில் செய்கிற தவறு அப்படித் திருந்துவதில்லை. அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

எல்லோருக்கும் ஒரே தேதி சொல்வது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக வருகிறது. 2016இல் தீபாவளி அக்டோபர் 29. மறு வருஷம் அக்டோபர் 18க்கே வந்துவிட்டது. முந்தின வருஷப் பழக்கத்திலேயே துணி வாங்கிக்கொண்டிருந்தேன். அக்டோபர் முதல் தேதி எண்ணிப் பார்த்தால் 64 ஜாக்கெட். அத்தனை பேருக்கும் 16ஆம் தேதி என்று சொல்லியிருந்தேன்.

லைனிங் (உள்துணி) வைத்த ஒரு ஜாக்கெட்டை வெட்டி, தைத்து, ஹூக் கட்டி முடிக்க எனக்கு 2 மணி நேரம் ஆகும். நாளைக்கு 4 வீதம் 16 நாளில் 64, கணக்கு சரியாகத்தான் வந்தது. ஆனால் ஒரு நாளும் 4 முடியவில்லை, 3தான் முடிந்தது. கரண்ட் போனது, பழைய சுடிதாரைப் பிடித்துத் தரச் சொல்லி ஆள் வந்தது. இவற்றைவிட, "ரெடியாச்சா?" என்று கேட்டு வந்தவர்கள்தான் அதிகம். ஒருவருக்குச் சமாதானம் சொல்ல கால் மணி நேரம். ஐந்து பேர் வந்தால் பாதி ஜாக்கெட்டுக்கு மேல் போய்விடும். வரச் சொன்னதே நாம்தானே!

17ஆம் தேதி இரவு ஒரு அக்கா 11 மணி வரை கடையிலேயே உட்கார்ந்திருந்தார். மகளுக்குத் தலைதீபாவளி, பட்டுப்புடவைக்கு ஜாக்கெட். அவசரத்தில் இடக்கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். அந்தப் பெண் போட்டுப் பார்த்தபோது தோளில் இழுத்தது. பிரித்துத் தைக்கப் பட்டு தாங்காது. ஒன்றும் பேசாமல் கூலியைக் கொடுத்துவிட்டுப் போனார். அவரும் வரவில்லை, அவர் தங்கைகளும் அதற்கப்புறம் வரவில்லை. ஒரு குடும்பத்துக் கல்யாணத் துணியெல்லாம் அதோடு போனது. அந்தப் பெண் மறுநாள் எதைப் போட்டுக்கொண்டாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அதற்கப்புறம்தான் தேதிக்கு ஒரு பக்கம் என்று நோட்டுப் போட்டேன். பக்கத்துக்கு 3 வரி, சனிக்கிழமைப் பக்கத்தில் ஒரு வரி எப்போதும் காலி. வரி நிறைந்தால் அடுத்த பக்கம்தான். நோட்டை வந்தவர் முன்னாலேயே விரித்து வையுங்கள். நிறைந்த பக்கத்தைக் கண்ணால் பார்த்தவர் அதிகம் வாதாடுவதில்லை.

இன்னொன்று, தேதி சொல்லும் முன் "எந்த விசேஷத்துக்கு?" என்று கேளுங்கள். 5 துணி கொடுப்பவருக்குத் தீபாவளிக்கு வேண்டியது பெரும்பாலும் ஒன்றுதான். மீதி நாலை ஐப்பசி கடைசியில் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார். கேட்காவிட்டால் ஐந்தையும் நாமே தலையில் ஏற்றிக்கொள்கிறோம். 2026இல் தீபாவளி நவம்பர் 8. எந்தத் தேதியோடு துணி வாங்குவதை நிறுத்துவது என்று இப்போதே நோட்டில் கோடு போடுங்கள்.

எல்லாவற்றையும் வெட்டி வைப்பது

வெட்டிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி மனசுக்குத் தோன்றும். ஆனால் கொடுக்க ஒன்றுமே இருக்காது. இரண்டு நாளில் தைக்க முடிந்ததை மட்டும் வெட்டுங்கள்.

ஆரி போடுபவருக்கும் அதே தேதி சொல்வது

ஜாக்கெட் துணியில் ஆரி எம்பிராய்டரி வேலையை அவர் முடித்துக் கொடுத்த பிறகுதான் நாம் தைக்கவே உட்கார முடியும். அவருக்கு நாலு நாள் முந்தின தேதியாகச் சொல்லுங்கள்.

லைனிங் துணியை அன்றைக்கே நனைப்பது

தைத்த பிறகு சுருங்காமலிருக்கத்தான் நனைப்பது. வெட்டுவதற்கு முந்தின நாளே நனைத்துக் காயப்போடுங்கள்.

மெஷினில் இருக்கும்போது போன் எடுப்பது

எடுக்காதீர்கள். மதியம் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் நீங்களே கூப்பிடுங்கள்.

முடியாததைக் கடைசி நாள் வரை மறைப்பது

இரண்டு நாள் முன்னால் சொன்னால் யாரும் அவ்வளவாகக் கோபப்படுவதில்லை. அன்று அந்தப் பெண்ணின் கடையில் 18 சுருட்டலையும் எடுத்துத் தேதிவாரியாக அடுக்கினோம். உடனே முடிக்க முடியாத 7 பேருக்கு அவளையே போன் பண்ணச் சொன்னேன். முதல் போனுக்குக் கை நடுங்கியது. 5 பேர் அடுத்த வாரம் போதும் என்றார்கள். ஒருவர் திட்டினார், ஒருவர் எடுக்கவில்லை. வாசலில் நின்ற அம்மாவுக்கு மறுநாள் காலையில் வளைகாப்பு. அவர் ஜாக்கெட்டை அவள் தைத்தாள், நான் ஹூக் கட்டினேன். ஆறரை மணிக்கு வந்து வாங்கிக்கொண்டு போனார்.